உன் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு

கண்ணு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, வாசலிலேயே நின்று படித்தேன். நீ பாடம் நடத்துகிற ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் வாயே திறப்பதில்லை, எதைக் கேட்டாலும் எழுந்து நின்று தரையைப் பார்க்கிறாள், திமிரோ என்னவோ, அவள் அப்பாவைக் கூட்டிவரச் சொல்லலாம் என்று நினைத்தேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தாய். பக்கத்தைத் திருப்பவே பயமாக இருந்தது. திருப்பினால், அப்பாவைக் கூப்பிடவில்லை என்றும், அதற்கு முன்னால் ஒரு பீரியடுக்கு வேறொரு சாரைப் பாடம் நடத்தச் சொல்லி, அந்தப் பெண்ணை முன் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு, நீ போய்க் கடைசி பெஞ்சில் அவள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தாய் என்றும், தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் உனக்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அப்பாடா! அந்த இடத்தில்தான் எனக்கு மூச்சே வந்தது. உங்கப்பா மோட்டார் ரூமிலிருந்து வந்து, "என்ன, பையன் ஏதாச்சும் பொண்ணைப் புடிச்சுட்டானா, இப்படி நிக்கறே?" என்று கேட்டார். அந்த மனுசனுக்கு எப்போதும் அந்த நினைப்புத்தான். ஆனால் அவரைச் சொல்லி என்ன பிரயோசனம், எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் அதே நினைப்பு இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாத்தியார் வேலைக்குப் போக உன்னைப் பொள்ளாச்சியில் பஸ் ஏற்றிவிட்ட அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பழனி, தேனி, கம்பம் மெட்டு என்று நீ போகிற வழியையே பேசிக்கொண்டு நின்றேன். வண்டன்மேட்டுக் குளிருக்கு ஸ்வெட்டர் போதுமா என்று கேட்டேன். அங்கே உள்ள பிள்ளைகள் மதுரைப் பக்கத்துத் தமிழ் பேசுவார்கள், உன் "ஏனுங்க"வைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி என்று சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது, பஸ் கிளம்பிவிட்டது என்று நினைத்துக்கொள்.

துளசிமணியை உனக்கு நினைவிருக்கும். பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் மகள், உன் வகுப்பில் படித்த பெண். அந்த வருஷம் உனக்கு நானேதான் கிளாஸ் டீச்சர், நானேதான் கணக்கு டீச்சர். டீச்சர் மகன் என்று சலுகை காட்டுகிறேன் என யாரும் சொல்லிவிடக் கூடாதென்று மற்றவனுக்கு ஒரு அடி என்றால் உனக்கு ரெண்டு கொடுத்தேன். அதை நியாயம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வகுப்பு எப்படி இருந்தது என்பதை ஒரு தடவை கண்ணுக்கு முன்னால் கொண்டுவா. போர்டைப் பார்த்து உட்கார்ந்தால் இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் பையன்கள், நடுவில் ஒரு ஆள் நடக்கிற வழி. பெண்களுக்கு அந்தப் பக்கம் ஓலைத் தட்டி. கேரளத்துப் பள்ளிக்கூடம் இல்லையா, தட்டிக்கு அப்புறம் மலையாளம் டிவிஷன். அவர்கள் செய்யுள் ஒப்பிக்கிற சத்தம் எந்நேரமும் நம் வகுப்புக்குள் வந்துகொண்டே இருக்கும். துளசிமணி உயரமான பெண் என்பதால் நாலாவது பெஞ்சில், நடைவழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வழிக்கு இந்தப் பக்கம், பையன்கள் பெஞ்சின் ஓரத்தில் நீ.

அந்தப் பெண் பாடம் நடக்கும்போது என்னைப் பார்க்கவே மாட்டாள். நான் வாயைத் திறந்தால் போதும், முகம் வலது பக்கம் திரும்பிவிடும். பையன்கள் இருக்கிற பக்கம். நேராகச் சொன்னால், நீ இருக்கிற பக்கம். ஒரு நாள் பார்த்தேன், ரெண்டு நாள் பார்த்தேன், ஒரு வாரம் முழுக்கப் பார்த்தேன். எனக்கு உள்ளே காந்த ஆரம்பித்தது. அவளுடைய பேப்பரைத் திருத்தும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்க வேண்டும்: போர்டில் எழுதிப் போட்ட கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருப்பாள், பரீட்சையில் நான் வாயால் சொன்ன கணக்கெல்லாம் சைபர். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சிவப்பு மையில் சைபர் போட்டுக் கூட்டுகிற அவசரத்தில், சைபர் எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை. நீ அந்தத் தப்பைச் செய்யாதே. ஒரு பிள்ளை எத்தனை தப்புச் செய்தது என்று எண்ணுவதற்கு முன்னால், எந்த மாதிரிக் கணக்கில் தப்புகிறது என்று பார். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த வாரத்தில்தான் உன்னை அறைந்தேன். எதற்கென்று உனக்கு இன்றைக்கு வரைக்கும் நான் சொன்ன காரணம் நோட்டு. உன் கணக்கு நோட்டைத் திருத்த எடுத்தால் ஒரு பக்கத்துக்கு நாலே வரி, ஒவ்வொரு எழுத்தும் கோழிமுட்டை அளவு. "ஏண்டா, நோட்டு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று கேட்டு எல்லோருக்கும் முன்னால் கன்னத்தில் வைத்தேன். நீ அழவில்லை, பதிலும் சொல்லவில்லை. உண்மைக் காரணம் நோட்டு இல்லை, கண்ணு. அந்தப் பெண் உன்னைப் பார்க்கிறாள், நீயும் இடம் கொடுக்கிறாய் என்று எனக்குக் கோபம். டீச்சர் மகன் பேர் கெட்டால் டீச்சர் பேர் கெடும் என்கிற பயம். என் மானத்துக்காகத்தான் உன்னை அடித்தேன். எட்டு வருஷமாக இது என் தொண்டையில் நிற்கிறது.

அதோடு விட்டேனா? சனிக்கிழமைச் சந்தையில் துளசிமணியின் அப்பாவைப் பார்த்ததும் கூப்பிட்டுச் சொன்னேன். "உங்க புள்ளைக்குக் கண்ணு பாடத்துல இல்லீங்க. பசங்க பக்கமேதான் இருக்குது. கொஞ்சம் பாத்துக்கோங்க." அவ்வளவுதான் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "சரீங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாங்க வந்த கயிற்றைக்கூட வாங்காமல் போனார். திங்கட்கிழமை துளசிமணி வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் சொன்ன ஒரே ஒரு வரியால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோயிற்று. அந்த நாட்களில் நீயும் சரியாகச் சாப்பிடவில்லை. அதையும் நான் தப்பாகவேதான் எடுத்துக்கொண்டேன்.

பதினைந்து நாள் தொடர்ந்து வராவிட்டால் ஹாஜர் புத்தகத்தில் பேரை வெட்டிவிடுவார்கள். வெட்டுவதற்கு முன்னால் கிளாஸ் டீச்சர் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்டு எழுத வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். பன்னிரண்டாம் நாள் போனேன். ஏதோ நல்ல மனசோடு போனேன் என்று நினைத்துவிடாதே. ஒரு கையெழுத்து வாங்கப் போனேன், அவ்வளவுதான்.

வாசலில் அவள் அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தார். துளசிமணி முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அம்மா ஆட்டுகிற கையை நிறுத்தாமலே, "அம்முணி, டீச்சருக்கு மோர் கொண்டா" என்றார். அப்போது அந்தப் பெண்ணின் முகம் திரும்பியது. அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. வகுப்பில் திரும்புகிற அதே திருப்பம், அதே வலது பக்கம். "என்னம்மா?" என்று அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். எந்தப் பையன் நிற்கிறான் அங்கே? தொழுவத்தில் எருமை நின்றுகொண்டிருந்தது.

"அம்முணி, உனக்கு வலது காது கேக்காதா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். பதில் சொன்னது அவள் அம்மா. ஆட்டுக்கல்லை விட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், சத்தமா பேசாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சின்னதுல காதுல சீழ் வந்து அப்படியாயிருச்சுங்க. இது வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?" அதனால்தான் பள்ளிக்கூடத்தில் அவர்கள் சொல்லவேயில்லை. அந்தப் பெண்ணிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். கேட்கிற இடது காதை என் பக்கம் கொண்டுவருவதற்காக அவள் முகத்தை வலது பக்கம் திருப்பியிருக்கிறாள். என் பாடத்தைக் கேட்பதற்குப் பட்ட பாட்டைத்தான் நான் பையன்களைப் பார்க்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவள் அப்பா தோப்பிலிருந்து வந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "செவி மந்தம்னு எனக்குத் தெரியுமுங்க. அதுக்கும் பசங்களப் பாக்கறதுக்கும் என்னங்க சம்பந்தம்? ஏனுங்க டீச்சர், அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க?" என்றார். வாயால் சொன்னால் ஏறாது என்று தெரிந்துவிட்டது. அவரைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தேன். வலது காதில் பஞ்சு வைத்து, மேலே கையால் பொத்திக்கொள்ளச் சொன்னேன். அந்தம்மாவை மறுபடியும் மாவாட்டச் சொன்னேன். நான் அவருக்கு வலது பக்கமாகத் தள்ளிப்போய் நின்று, மெதுவான குரலில் ஒரு கணக்குச் சொன்னேன்: "ஒரு தோப்பில் பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பதினெட்டு மரம்..." மனுசர் முதலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் கழுத்து மெல்லத் திரும்பியது. என்னையும் தாண்டித் திரும்பிக்கொண்டே போயிற்று. "இப்ப எங்கீங்க பாக்கறீங்க?" என்று உரக்கக் கேட்டேன். "எரும..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். துளசிமணிதான் முதலில் சிரித்தாள். அந்தப் பெண் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அப்ப எம்புள்ளை மேல தப்பில்லீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க. தப்பு என்மேல. தெரியாம ஒரு பொய் சொல்லிப்போட்டேன்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? பதினாலு வருஷம் டீச்சராக இருந்தவள், ஒரு தகப்பன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் சொன்னதும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அவர் பஞ்சை உருட்டிக்கொண்டே, "காது விசயம் யாருக்கும் தெரியக் கூடாதுங்க. அதுக்கு வழி இருந்தா நாளைக்கே அனுப்பறேன்" என்றார். வழி நான் பார்க்கிறேன், அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது கணக்குப் போட்டுப் பார். அவளுக்கு நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் வலது பக்கம் போய் உட்கார வேண்டும், அப்போதுதான் கேட்கிற இடது காது என் பக்கம் இருக்கும். அது பையன்கள் பக்கம். அவளை மட்டும் அங்கே உட்கார வைத்தால் ஊர் என்ன சொல்லும்? முன் பெஞ்சில் வைத்தால், உயரமான பெண் ஏன் முன்னால் என்று கேட்பார்கள். அன்று இரவெல்லாம் யோசித்து, காலையில் ஹெட்மாஸ்டரிடம் போனேன். வகுப்பையே இடம் மாற்றுகிறேன், பெண்களெல்லாம் வலது பக்கம், பையன்களெல்லாம் இடது பக்கம் என்றேன். அவர் ஒற்றப்பாலத்துக்காரர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சரே, இது பண்டேயுள்ள ஏற்பாடல்லே? எந்தினா இப்போ மாற்றுன்னது?" என்றார், பழைய ஏற்பாட்டை இப்போது எதற்கு மாற்ற வேண்டும் என்று. எனக்கு வாயில் வந்தது, "தட்டி ஓரத்துல கூரை ஒழுகுதுங்க சார், பொண்ணுக பாவாடையெல்லாம் நனையுது." ஆடி மாதம், வெளியே மழை. மனுசர் உடனே எழுந்து பார்க்க வந்துவிட்டார். அந்தக் கூரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. தட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வகுப்பு வாசலில் பையோடு நின்ற துளசிமணியைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, "ம்ம், ஒழுகுன்னுண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுசர் இருக்கிற திசைக்கு இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். தட்டி ஓரத்துக்கு வந்த நீங்கள் ஒரே வாரத்தில் அதில் ஓட்டை போட்டு, மலையாளம் டிவிஷன்காரர்களோடு கோலி மாற்றிக்கொண்டீர்கள். துளசிமணி நேராக உட்கார்ந்தாள். நானும் மாறினேன். அதுவரை போர்டுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, படம் வரைந்துகொண்டே கணக்குச் சொல்வேன். அன்றிலிருந்து வரையும்போது பேசுவதில்லை, பேசும்போது வரைவதில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்பதையும் விட்டேன். புரியவில்லை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்? நான் சொன்னதை நீ ஒரு தடவை சொல்லு என்று யாராவது ஒருவரிடம் கேட்பேன். ஒருவர் தன் வார்த்தையில் திரும்பச் சொல்லும்போது, கேட்காதவருக்கும் இன்னொரு தடவை கேட்டுவிடும். இதெல்லாம் அந்த ஒரு பெண்ணுக்காக ஆரம்பித்தது. வருஷ முடிவில் பார்த்தால் வகுப்பில் பாதிப் பேருக்கு மார்க் கூடியிருந்தது. ஒரு பிள்ளைக்கு வேண்டுமென்றால் எல்லோருக்கும் செய், கண்ணு. யாருக்காகச் செய்கிறாய் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

உன் பள்ளிக்கூடத்தில் ஏலக்காய் எடுப்பு தொடங்கினால் பாதிப் பிள்ளைகள் வாரக்கணக்கில் வரமாட்டார்கள், வந்ததும் திருதிருவென்று முழிப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். வந்த அன்றைக்கே கேள்வி கேட்டு நிற்க வைக்காதே. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைக் கொடுத்து ரெண்டு நாள் விடு. வேலைக்குப் போய்விட்டு மறுபடியும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே பெரிசு. வீட்டுக்குப் போய்க் குறை சொல்வதற்கு முன்னால், வீட்டை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா. நான் அதைத் தலைகீழாகச் செய்தேன்.

இதையெல்லாம் போன மாதமே எழுதியிருந்தால் இவ்வளவோடு முடிந்திருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை துளசிமணி வந்தாள். இப்போது தையல் டீச்சர். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், பத்திரிகை கொடுக்க வந்தாள். பெண் பார்க்க வந்தபோதே மாப்பிள்ளையிடம், "என்ற வலது காது கேக்காதுங்க, பேசோணும்னா இந்தப் பக்கம் வாங்க" என்று சொல்லிவிட்டாளாம். அவள் அம்மாவுக்கு மயக்கம் வராத குறை. அந்தப் பையன் நாற்காலியைத் தூக்கி இடது பக்கம் போட்டு உட்கார்ந்தானாம். இனி யாரிடமும் மறைக்க வேண்டாம், சார்கிட்டயும் சொல்லுங்க டீச்சர் என்றாள். சார் என்றால் நீதான்.

நானும் மனசு இளகி, அவள் உன்னைத்தான் பார்க்கிறாள் என்று தப்பாக நினைத்ததையும், உன்னை அறைந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ டீச்சர், பாத்தனுங்க. காதைத் திருப்பினது பாதி, அவரு நோட்டைப் பாத்தது பாதி. நீங்க போர்டுக்குத் திரும்பி நின்னு சொல்லுவீங்கல்ல, அப்ப எனக்கு ஒண்ணுமே கேக்காது. அவரு அதையெல்லாம் பெருசு பெருசா எழுதி நோட்டை எம்பக்கம் சாய்ச்சு வெப்பாரு. ஒரு வார்த்தை பேசினதில்லீங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு கையால சாடை காட்டினேன், சொல்லவேயில்லை" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரெண்டும் செய்தேன். உங்கப்பா பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

அவள் போனதும் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். உன் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு அடியில் இருந்தது. நாலே வரி, கோழிமுட்டை எழுத்து. கீழே என் கையெழுத்தில், சிவப்பு மையில், "காகிதத்தை வீணாக்காதே" என்று இருந்தது. அதைப் பார்க்கவே கூசிற்று. என்னைப் போன்ற கோபக்காரியிடம் வளர்ந்த பையன் எப்படிப்பட்ட வாத்தியாராவானோ என்று ஜூன் மாதத்திலிருந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் போய் உட்காரும் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று வியாழக்கிழமை ஒரு நிமிஷம் யோசித்தேன். உடனே அந்த நோட்டு நினைவுக்கு வந்தது. இனி எனக்குக் கவலை இல்லை. நிம்மதியாகத் தூங்குவேன்.

நோட்டை இந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். பக்கம் பக்கமாக உட்கார்ந்து மறுபடியும் திருத்திவிட்டேன். சிவப்பு மையில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் "சரி" போட்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் டீச்சர் கையெழுத்துப் போடுகிற இடத்தில், அம்மா என்று போட்டிருக்கிறேன்.